ஊர்ப் பணியை யார் தீர்மானிப்பது?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும், ஓர் ஆண்டு முழுவதும் பொதுப்பணி எதுவும் நடக்காமல் கழிவது அரிது. தெருவுக்குக் கான்கிரீட் தளம் போடுவது, கழிவுநீர் வாய்க்கால் கட்டுவது, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எழுப்புவது, மயானத்துக்குப் பாதை அமைப்பது, அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர் எடுப்பது, குளத்தின் வரத்துக்காலைத் தூர்வாருவது எனப் பட்டியல் நீளும். தனித்தனியே பார்த்தால் பெரும்பாலானவை சில லட்சம் ரூபாய்க்குள் அடங்கிவிடும் என்பதால், அணைக்கும் மேம்பாலத்துக்கும் கிடைக்கும் கவனம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் ஊர்ப்புறத்துக் குடும்பம் ஒன்று அரசு என்பதை அன்றாடம் கண்ணால் காண்பது இந்தச் சிறு கட்டுமானங்களில்தான். மழைக்காலத்தில் பிள்ளை நனைந்த காலோடு பள்ளிக்குப் போகிறதா, இறந்தவரைச் சேற்றில் இறங்காமல் எடுத்துச் செல்ல முடிகிறதா, காலையில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பவையெல்லாம் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

இப்பணிகளைப் பற்றிய பேச்சில் நிதிப் பற்றாக்குறையே முதன்மைக் குறையாகச் சொல்லப்படுகிறது. அந்தக் குறை உண்மையானது. எனினும் கடந்த இருபது ஆண்டுகளில் ஊராட்சிகளுக்கு வந்த திட்டங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், பணம் வந்து சேர்ந்த பிறகும் பணி நிலைக்காமல் போனதற்கு வேறு இரண்டு காரணங்கள் மேலோங்கித் தெரிகின்றன. எந்த வேலை முதலில், எது அடுத்து என்று முடிவெடுக்கும் உரிமை ஊரின் கையில் இல்லை என்பது ஒன்று; கட்டியதைப் பேணுவதற்கு வழிவகை இல்லை என்பது மற்றொன்று.

சட்டம் சொல்வதும் நடைமுறையும்

1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதியைத் தந்ததோடு, குடிநீர், சாலை, சிறுபாசனம், ஊரக வீட்டுவசதி உள்ளிட்ட 29 துறைகளைப் பதினோராம் அட்டவணையில் பட்டியலிட்டது. ஆனால் அத்துறைகளுக்கான அதிகாரத்தைச் சட்டமன்றங்கள் ஊராட்சிகளுக்கு வழங்கலாம் என்றே திருத்தம் கூறியது. வழங்கியே ஆக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. அதைப் பின்பற்றி இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊர்ச் சாலை, வடிகால், தெருவிளக்கு, குடிநீர், இடுகாடு ஆகியவற்றை அமைப்பதையும் பேணுவதையும் கிராம ஊராட்சியின் கடமைகளாக வகுத்தது. கடமை தெளிவாகவே எழுதப்பட்டது; அதற்கு ஈடான அதிகாரம் அவ்வளவு தெளிவாக எழுதப்படவில்லை.

இந்த இடைவெளி எவ்வாறு செயல்படுகிறது என்பதை ஒரு தெருவுக்குக் கான்கிரீட் போடும் வேலையைத் தொடர்ந்து பார்த்தால் விளங்கும். வேலை மதிப்பீட்டில் தொடங்குகிறது. எஸ்டிமேட் என்று எல்லோரும் சொல்லும் இந்த ஆவணம், எவ்வளவு மண் வெட்ட வேண்டும், எத்தனை கன மீட்டர் கான்கிரீட் தேவை, அரசின் விலை விகிதப் பட்டியலின்படி ஒவ்வொன்றுக்கும் என்ன தொகை என்பவற்றைக் கணக்கிட்டுக் காட்டுவது. ஊராட்சிக்கெனத் தனிப் பொறியாளர் கிடையாது. ஊராட்சி ஒன்றியத்தின் பொறியாளரும் ஓவர்சீயர் எனப்படும் பணி மேற்பார்வையாளரும் பல ஊராட்சிகளின் வேலைகளை ஒருங்கே கவனிக்கின்றனர். மதிப்பீட்டுக்கு நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் கிடைத்தபின் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, பணி ஆணை வழங்கப்படும். வேலை நடக்க நடக்க, முடிந்த பகுதியின் நீளம், அகலம், கனம் ஆகியவை அளவுப் புத்தகத்தில் ஏறும். அலுவலக வழக்கில் எம்-புக் எனப்படும் இப்புத்தகத்தில் பதிந்த அளவுக்குத்தான் பில் தொகை வழங்கப்படும் என்பதால், ஒரு பொதுப்பணியின் நேர்மை முழுவதும் அதன் பக்கங்களில்தான் அடங்கியிருக்கிறது.

தளத்தின் கனம் 15 சென்டிமீட்டர் என்று எம்-புக்கில் ஏறியிருக்க, தெருவில் உள்ளது 10 சென்டிமீட்டர் மட்டுமே என்றால், கான்கிரீட் இறுகிய பிறகு அதைக் கண்டறியத் துளையிட்டுப் பார்க்க வேண்டும். வேலை நடந்த அன்றே அதைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் தத்தம் வாசலில் நின்ற தெருவாசிகள். கான்கிரீட்டின் வலிமையும் அப்படியே அவர்கள் கண்ணெதிரில்தான் உருவாகிறது அல்லது கெடுகிறது. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அந்த வினை நாள்கணக்கில் நீள்வதால், போட்ட தளம் காயாமல் ஈரமாகவே இருக்க வேண்டும். ஈரச் சாக்கோ வைக்கோலோ பரப்பியும், மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியும் செய்யப்படும் இந்த நீராற்றுதலை, அதாவது கியூரிங்கை, சாதாரணச் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், வறண்ட வெப்பமான சூழலிலும் சாம்பல் முதலியன கலந்த சிமென்டுக்கும் 10 நாளும் செய்ய வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் 456-இன் விதி. சித்திரை வெயிலில் போட்ட தளத்துக்கு இரண்டு நாள் மட்டும் தண்ணீர் தெளித்தால், சிமென்ட் கலவை எவ்வளவு சரியாக இருந்தாலும் மேற்பரப்பு பொரிந்து தூளாகத் தொடங்கும். இதை அறிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. அந்தத் தெருவில் வீட்டில் இருக்கும் பெண்களிடம் 'இத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும், விடாவிட்டால் கேளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் வழக்கம் எந்தத் திட்டத்தின் நடைமுறையிலும் சேர்க்கப்படாததுதான் வருந்தத்தக்கது.

வரிசை தவறும் வேலைகள்

தரத்தைவிடவும் பெரிய இழப்பு வரிசைக் குழப்பத்தால் நேர்கிறது. வீடுதோறும் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தை ஒன்றிய அரசு 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவித்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவுகோல். நல்ல நோக்கமும் பெரும் பயனும் கொண்ட திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் குழாய் தெருவுக்கடியில் செல்வது. தெருவோ அதற்கு முன்பே வேறொரு திட்டத்தில், வேறொரு நிதியாண்டில், வேறொரு மதிப்பீட்டில் கான்கிரீட் ஆகியிருந்தது. எனவே புதிய தளத்தை வெட்டிக் குழாய் பதித்து, பள்ளத்தை மண்ணிட்டு மூடி, மேலே ஒரு பட்டை கான்கிரீட் பூசுவதே பல ஊர்களில் நடந்தது. மண் சரியாகக் கெட்டிப்படாத இடங்களில் அடுத்த மழையில் அந்தப் பட்டை உள்வாங்கியது. முதலில் குழாயும் வடிகாலும், பிறகு தளம் என்ற எளிய வரிசையை ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். திட்டங்கள் தலைநகரங்களிலிருந்து தனித்தனிக் கணக்குகளாக இறங்குவதால் அந்த வரிசையைக் காக்கும் பொறுப்பு எவரிடமும் இல்லாமல் போகிறது.

தெருமட்டம் உயர்வதும் இதே வகைப்பட்டதே. பழைய தளத்தைப் பெயர்த்தெடுக்காமல் அதன் மேலேயே புதியது போடும்போது, ஒவ்வொரு முறையும் தெரு ஏறுகிறது. வீட்டு வாசல் இறங்குகிறது. முதலில் ஒரு படி மூழ்கும்; பின்னர் திண்ணை தெருவுக்குச் சமமாகும்; அதன்பின் மழைநீர் வீட்டுக்குள் வரும். வசதியுள்ளவர் வீட்டை இடித்துத் தளத்தை உயர்த்திக் கட்டுகிறார். வசதியில்லாதவர் வாசலில் சிமென்ட் தடுப்பு வைத்துக்கொள்கிறார். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு துறைகளுக்கு எழுதிய பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. தெருவை மேம்படுத்தும் பணி அத்தெருவின் வீடுகளைத் தாழ்த்துமானால் அதைப் பொது மேம்பாடு என்று அழைப்பதற்கில்லை.

கட்டுண்ட பணம்

ஊராட்சிக்கு வரும் பணத்தின் இயல்பை அறிந்தால் இந்தக் குழப்பத்தின் வேர் புலப்படும். பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் மானியம் பரிந்துரைத்தது. அதில் 40 விழுக்காடு ஊரின் தேவைக்கேற்பச் செலவிடத்தக்க கட்டற்ற மானியம். எஞ்சிய 60 விழுக்காடு, பாதி துப்புரவுக்கும் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றுக்கும் என்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட கட்டுண்ட மானியம். நீரும் துப்புரவும் புறக்கணிக்கப்படக் கூடாது என்ற அக்கறையே இப்பிரிவினைக்குக் காரணம். எனினும் குடிநீர் நிறைவாக உள்ள ஊர் ஒன்றுக்குச் சிதைந்த சிறுபாலம்தான் உடனடித் தேவை என்றால், கையில் பணமிருந்தும் அந்தப் பாலத்தைத் தொட முடியாத நிலை ஏற்படுகிறது.

மாநிலத் திட்டங்களின் வரலாறு இதைவிடச் சுவையானது, கற்கத் தக்கதும்கூட. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஐந்தாண்டுகளில் எல்லா ஊராட்சிகளையும் சுற்றிவரும்படி, ஒவ்வோர் ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய் அளித்தது. நூலகமும் விளையாட்டுத் திடலும் பல ஊர்கள் அத்திட்டத்தால்தான் முதன்முதலில் கண்டன. ஆனால் இரண்டு குக்கிராமங்கள் கொண்ட ஊராட்சிக்கும் நாற்பது குக்கிராமங்கள் கொண்ட மலையடிவார ஊராட்சிக்கும் ஒரே தொகை என்பதால், தாய்க்கிராமத்தைத் தாண்டிப் பணம் செல்வது கடினமாயிற்று. 2011-இல் வந்த 'தாய்' திட்டம் இக்குறையை உணர்ந்து, அலகை ஊராட்சியிலிருந்து குக்கிராமத்துக்கு மாற்றி, மாநிலத்தின் 79,394 குக்கிராமங்களையும் கணக்கில் கொண்டு, குடிநீர், தெருவிளக்கு, சாலை, மயானம், மயானப் பாதை என்னும் அடிப்படைகளுக்கு முன்னுரிமை தந்தது. இரு அரசுகளும் வெவ்வேறு கட்சியின. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைசெய்த இம்மாற்றம் தமிழக ஊரக நிர்வாகத்தில் பாராட்டிச் சொல்லத்தக்க நிகழ்வு. மறுமலர்ச்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2021-22-இல் தொடங்கியது.

நமக்கு நாமே திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் தந்தால் மீதியை அரசு தரும். பாதியோ அதற்கு மேலோ தந்தால் வேலையை அவர்களே எடுத்துச் செய்யலாம். தன் பணம் கலந்த வேலையை ஊர் கண்கொத்திப் பாம்பாக நின்று பார்க்கும் என்பது இதன் நன்மை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் பொருள் ஈட்டுவோர் உள்ள ஊருக்கே இது எளிது என்பது இதன் எல்லை.

மராமத்து என்னும் மறந்த வேலை

புதிதாகக் கட்டுவதற்குத் திட்டம் உண்டு, திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு. தொட்டியின் ஏணி துருப்பிடித்தால் மாற்றவும், வால்வு பழுதானால் சரிசெய்யவும் அவ்வாறு எதுவும் இல்லை. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி போன்ற சொந்த வருவாயிலிருந்தும் மாநில நிதிக்குழு மானியத்திலிருந்தும்தான் பழுதுபார்ப்பு நடக்க வேண்டும். ஆனால் அந்த வருவாயில் பெரும்பகுதியைத் தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் தின்றுவிடுகின்றன. புதிதாக எழுப்பப்படும் ஒவ்வொரு தொட்டியும் ஊராட்சியின் மின்கட்டணத்தை உயர்த்துகிறது என்பதை எந்த மதிப்பீடும் குறிப்பதில்லை.

பேணுதலை முதன்மையாகக் கொண்ட மரபு தமிழகத்துக்குப் புதிதன்று. ஏரியையும் கால்வாயையும் பயன்பெறுவோரே ஆண்டுதோறும் செப்பனிடுவதைக் குடிமராமத்து என்றனர். அது நலிந்தபோது, சென்னை மாகாண அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றி அம்மரபை அதிகாரத்தால் நிலைநிறுத்த முயன்றது. நிலமுள்ளவரின் பாசனத்துக்கு நிலமில்லாதவரின் உழைப்பு என்ற அநீதியும் அம்மரபுக்குள் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கிய புதிய குடிமராமத்துத் திட்டம், முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை எடுத்து, பாசன விவசாயிகள் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றது. பெயர் பழையது, ஆண்டுதோறும் தவறாமல் செய்வது என்னும் உயிர்க்கூறு மட்டும் திரும்பவில்லை.

பேணுதலின் செலவை நேருக்கு நேர் சந்தித்த ஊராட்சிக்கு ஓடந்துறை சிறந்த சான்று. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த இவ்வூராட்சியில் 1996 முதல் தலைவராக இருந்த ஆர்.சண்முகத்தின் காலத்தில், பவானி ஆற்றிலிருந்து குடிநீர் கொண்டுவரும் பணி நிறைவேறியது. குடிநீரோடு மின்கட்டணமும் ஏறியது. கட்டணம் உயர்ந்ததற்காக நீரேற்றத்தைக் குறைக்காமல், அந்தக் கட்டணத்தையே இல்லாமலாக்கும் வழியை ஊராட்சி தேடியது. மரக்கழிவை எரித்து எரிவாயுவாக்கி மோட்டாரை இயக்கும் சிறு நிலையம் முதலில் வந்தது. 2006-இல் உடுமலைப்பேட்டை வட்டாரத்து மைவாடியில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை ஊராட்சி தன் பெயரிலேயே நிறுவியது. அடக்கவிலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். ஊரின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்ற வருவாயிலிருந்து கடனுக்குத் தவணை கட்டப்பட்டது. கடன் வாங்கும் துணிவும் அதை அடைக்கும் கணக்கும் ஓர் ஊராட்சிக்கு உண்டு என்பதை இது மெய்ப்பித்தது. மற்ற ஊராட்சிகள் இதைப் பார்த்துச் சென்றன. பின்பற்றியவை மிகச் சில. ஓடந்துறைக்குக் கிடைத்த நீண்டகாலத் தலைமையும் தொடர் சேமிப்பும் எல்லா இடத்திலும் அமைவதில்லை.

விதியும் ஊரறிவும்

குத்தம்பாக்கத்தின் பட்டறிவு வேறு வகையானது. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்த ஊராட்சிக்கு, வேதிப்பொறியியல் படித்த ரா.இளங்கோ 1996-இல் தலைவரானார். வடிகால் கட்டும் வேலையில், மதிப்பீட்டில் குறித்திருந்த கல்லுக்கு மாற்றாக, கருங்கல் பலகை மெருகேற்றும் தொழிற்சாலையில் கழிவாகக் கிடந்த கற்களைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். வடிகால் உறுதியாக அமைந்தது. ஆயினும் மதிப்பீட்டுக்கு மாறாகச் செய்ததற்காக அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை பெருந்திரளாகக் கூடி அவர் பக்கம் நின்ற பிறகு அந்த ஆணை விலக்கப்பட்டது. தரவிதிகள் ஊழலைத் தடுக்க வந்தவை, அவை தேவையானவை. ஆனால் உள்ளூரில் கிடைக்கும் பொருளால், குறைந்த செலவில், சோதித்தறிந்த உறுதியோடு கட்ட முன்வருவோருக்கு அவ்விதிகளுக்குள் ஒரு வாயில் இருந்தாக வேண்டும். அதே ஊராட்சி பின்னர் உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்களால் சமத்துவபுரம் அமைத்தது. ஒரு சுவரைப் பொதுவாகக் கொண்ட இரட்டை வீடுகளில் பட்டியல் சாதிக் குடும்பம் ஒருபுறமும் பிற சாதிக் குடும்பம் மறுபுறமும் குடியேறின.

இந்தக் கடைசிச் செய்தி கட்டுமானத்தின் ஆழமான கேள்வியைத் தொடுகிறது. பொதுப்பணி எந்தத் தெருவிலிருந்து தொடங்குகிறது, எந்தத் தெருவோடு முடிகிறது என்பதில் சாதி இன்றும் பங்கு கொள்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தபோது, குற்றவாளி யார் என்ற கேள்வியோடு, ஒரு சிறு ஊரில் தனித் தொட்டி எதற்காக என்ற கேள்வியும் எழுந்தது. தனித் தொட்டி, தனி மயானம், தனிப் பாதை எனப் பொதுப்பணமே பிரிவினைக்குச் சுவர் எழுப்புமானால் அதைவிடப் பெரிய வீண்செலவு இல்லை. சாதி வேறுபாடின்றி ஒரே மயானத்தைப் பயன்படுத்தும் ஊர்களுக்கு 10 லட்சம் ரூபாய் பரிசு தரும் மாநில அரசின் திட்டம் சரியான திசையிலான தொடக்கம். ஆனால் பரிசு விரும்பியவருக்கு உரியது. பிரிக்கும் கட்டுமானத்துக்கு நிதியில்லை என்ற விதி எல்லோரையும் கட்டுப்படுத்தும். அப்படியொரு விதியே தேவை.

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் காலத்தில் 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபை ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எனக் குழுக்கள் அமைத்துப் பொதுக்காரியங்களை நடத்திய முறையைச் சொல்கின்றன. குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்ததும் அக்கல்வெட்டுகளால்தான் தெரிகிறது. அது பிராமணர்க்குரிய சபை. பெண்களும் பிற குடியினரும் அதில் இடம்பெறவில்லை என்பதால் அதை மக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. ஆனால் அதிலுள்ள ஒரு விதியை இன்றும் எடுத்துக்கொள்ளலாம்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு வர முடியாது. ஏரியின் கரையும் கணக்கின் நேர்மையும் ஒன்றையொன்று தாங்குவன என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

இன்று அந்தக் கணக்கைக் கேட்கும் இடம் கிராம சபை. கேட்கப்பட வேண்டியவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசமைப்பு கூறுகிறது. தமிழ்நாட்டிலோ 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, அங்கு மீண்டும் தனி அலுவலர் ஆட்சி வந்தது. தனி அலுவலர் நேர்மையானவராக இருக்கலாம், உழைப்பாளியாகவும் இருக்கலாம். ஆனால் வடிகால் அடைத்துக்கொண்டால் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கத்தக்கவர் அல்லர். பல ஊராட்சிகளுக்கு அவர் ஒருவரே பொறுப்பு. உள்ளாட்சித் தேர்தலைக் காலந்தவறாமல் நடத்துவது எந்தக் கட்டுமானத் திட்டத்துக்கும் முந்திய முதற்பணி.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடுகிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேரும், 3,000 பேர் வரை 100 பேரும், 10,000 பேர் வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்தால் சபை செல்லும். தனி அலுவலர் காலத்திலும் இச்சபைக்குத் தடையில்லை. அடுத்த கூட்டத்துக்குச் செல்லும் ஒவ்வொருவரும், கடந்த ஆண்டு தம் ஊரில் முடிந்த பணிகளின் மதிப்பீட்டு நகலையும் எம்-புக் அளவுகளையும் சபையில் வாசிக்கும்படி கேட்க வேண்டும். இனித் தொடங்கும் பணியின் அளவு, தொகை, ஒப்பந்ததாரர், நீராற்றும் நாள்கள் ஆகியவற்றை வேலை தொடங்குமுன் தெருமுனையில் பலகையாக வைக்கத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தத் தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைத் தம் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.